பொது விவாதத்தில் பேச்சாளரின் தொழிலை எப்படி அறிமுகப்படுத்துவது?

கடைசி வரிசை:

ஒரு பொது விவாதத்தை ஏற்பாடு செய்யும் குழுவில் இருக்கிறேன். தீர்மானம் இதுதான்: "பொது இடங்களில் முகத்தை அடையாளம் காணும் கேமராக்கள் வைக்கலாம்." ஆதரவு அணியில் ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி ஒருவர், கணினிப் பொறியாளர் ஒருவர். எதிர்ப்பு அணியில் ஒரு வழக்கறிஞர், ஒரு சமூகவியல் பேராசிரியர். நான்கு பேரும் தங்களைப் பற்றிய குறிப்பை அனுப்பிவிட்டார்கள். சிக்கலே அந்தக் குறிப்புகளில்தான்.

பேராசிரியர் அனுப்பியது ஒன்றரைப் பக்கம். விருதுகள், ஆலோசனைக் குழுக்கள், வெளிநாட்டு உரைகள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் கண்காணிப்பு பற்றி ஏதாவது ஆய்வு செய்திருக்கிறாரா என்று தேடினால் ஒரு வரிகூட இல்லை. பொறியாளர் அனுப்பியது இரண்டே வரி, "நீண்ட அனுபவமுள்ள தொழில்நுட்ப வல்லுநர்" என்பதோடு முடிந்துவிடுகிறது. அவர் வேலை பார்க்கும் நிறுவனம் இதே வகைக் கேமராக்களுக்கு மென்பொருள் விற்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். குறிப்பில் அது இல்லை.

குழுவில் பாதிப்பேர், அனுப்பியதை அப்படியே வாசிப்பதுதான் மரியாதை என்கிறார்கள். மீதிப்பேர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு மேடையை விட்டுவிடலாம், யார் எப்படிப் பேசுகிறார் என்பதை வைத்துக் கேட்பவர்கள் முடிவு செய்யட்டும் என்கிறார்கள். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. இந்த மாதிரி மேடைகளை நடத்தியவர்கள், பேசியவர்கள், உட்கார்ந்து கேட்டவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

கரும்பலகை:

அனுப்பியதை அப்படியே வாசிக்க வேண்டாம், தயவுசெய்து. நான் உளவியல் கற்பிக்கிறேன், அறிமுக உரை கேட்பவர்களை என்ன செய்துவிடும் என்பதற்கு வகுப்பில் எப்போதும் சொல்லும் சோதனை ஒன்று இருக்கிறது.

1970இல் அமெரிக்காவில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு நடிகரைக் கூட்டிவந்து "டாக்டர் மைரன் ஃபாக்ஸ்" என்று பெயர் வைத்தார்கள். மனித நடத்தைக்குக் கணிதத்தைப் பயன்படுத்துவதில் பெரிய மேதை என்று பளபளப்பான ஒரு வாழ்க்கைக் குறிப்பையும் எழுதிக் கொடுத்தார்கள். அவருக்கு அந்தத் துறையில் எதுவும் தெரியாது. முன்னுக்குப்பின் முரணாகவும், அர்த்தமில்லாத சொற்கோவைகளோடும், ஆனால் கலகலப்பாகவும் பேசும்படி பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். கேட்டவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல, மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் சமூகப் பணி கற்பிப்பவர்களும்தான். பேச்சு முடிந்தபின் கொடுத்த கேள்வித்தாளில் பெரும்பாலோர் நல்ல மதிப்பெண்ணே போட்டார்கள், சிந்தனையைத் தூண்டியது என்றும் சொன்னார்கள். இந்த ஆய்வு 1973இல் வெளியானது. அந்த மதிப்பெண்ணில் அவரது பேச்சுத் திறமைக்கு எவ்வளவு பங்கு, அறிமுகத்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டும் சேர்ந்தே வேலை செய்தன. பொது விவாத மேடையிலும் அவை சேர்ந்துதானே வருகின்றன?

அதற்காகப் பெயரை மட்டும் சொல்வது தீர்வு ஆகாது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

---

மேடைப் பலகை:

பெயர் மட்டும் போதும் என்கிற கட்சி நான். பல ஆண்டுகளாகக் கல்லூரி அளவிலும் வெளியிலும் விவாதம் செய்திருக்கிறேன், நடத்தியும் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

1965 பிப்ரவரி 18, கேம்பிரிட்ஜ் யூனியன் என்ற பல்கலைக்கழக விவாத மன்றம். அமெரிக்கக் கனவு கறுப்பின மக்களின் செலவில்தான் எழுந்தது என்பது தீர்மானம். ஆதரித்துப் பேசியவர் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின், எதிர்த்தவர் வில்லியம் பக்லி. படிப்பைப் பட்டியல் போட்டால் பால்ட்வின் பக்கம் உயர்நிலைப் பள்ளியோடு முடிந்துவிடும், கல்லூரி வாசலே மிதிக்காதவர். பக்லி யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர், அங்கே விவாதக் குழுவில் பெயர் எடுத்தவர், சொந்தமாக ஒரு அரசியல் இதழை நடத்தியவர். வாக்கு என்ன ஆனது? 544க்கு 164, பால்ட்வின் பக்கம். படிப்பையும் பதவியையும் முன்கூட்டியே வாசித்துக் கேட்பவர்கள் மனதில் தராசு தூக்க வைத்தால் இந்த மாதிரிப் பேச்சுக்குக் குறுக்கே ஒரு சுவர் எழுப்புகிறோம் என்று அர்த்தம்.

அரிஸ்டாட்டிலும் இதைத்தான் சொல்கிறார். பேசுபவர் மீது வரும் நம்பிக்கை அந்தப் பேச்சின் வழியாகவே பிறக்க வேண்டும், அவரைப் பற்றி ஏற்கெனவே இருக்கும் எண்ணத்திலிருந்து வரக்கூடாது என்பது அவர் கருத்து. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அதைவிட நல்ல வழி யாரும் சொல்லிவிடவில்லை.

---

நீலக் கோப்பு:

பால்ட்வின் உதாரணத்தை நீங்கள் எடுத்ததே எனக்கு எதிர்ப்பக்கமாகத்தான் படுகிறது. அவருக்குப் பட்டம் இல்லை, சரி. ஆனால் அந்தத் தீர்மானத்துக்கு அவரைவிடத் தகுதியான பின்னணி வேறு என்ன வேண்டும்? நியூயார்க்கின் ஹார்லெமில் வறுமையில் பிறந்து வளர்ந்தவர், பதினான்கு வயதிலிருந்து சில ஆண்டுகள் தேவாலயத்தில் பிரசங்கம் செய்தவர், அப்புறம் அதே இன ஒதுக்கலைப் பற்றி நாவலும் கட்டுரையுமாக எழுதியே பிழைத்தவர். அந்த அரங்கில் இருந்த மாணவர்களுக்கு அவர் யார் என்று நன்றாகவே தெரியும். பெயர் மட்டும் போதும் என்பது ஏற்கெனவே பெயர் பெற்றவர்களுக்கு மட்டும் நடக்கும். கடைசி வரிசை அழைத்திருக்கும் நான்கு பேரின் பெயரைச் சொன்னால் அரங்கில் யாருக்குத் தெரியும்? முகம் தெரியாத ஒருவர் எழுந்து "இந்தக் கேமராக்கள் தவறே செய்வதில்லை" என்று சொன்னால், அதை விற்கும் நிறுவனத்து ஊழியர் சொல்கிறாரா, பரிசோதித்துப் பார்த்த வெளியாள் சொல்கிறாரா என்று அறிந்துகொள்ளக் கேட்பவருக்கு உரிமை இல்லையா?

பட்டத்தைத் தொழில் என்று எடுத்துக்கொள்வதில்தான் குழப்பம் வருகிறது. இந்த விஷயத்தில் அவர் நேரடியாக வேலை செய்திருக்கிறாரா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

உங்கள் தீர்மானத்துக்கே பொருத்தமான ஒரு உதாரணம்: ஜாய் புலம்வினி. அமெரிக்காவின் எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் கணினி அறிவியல் ஆய்வாளராக இருந்தவர், கறுப்பினப் பெண். முகம் கண்டறியும் ஒரு மென்பொருள் தன் முகத்தைக் கண்டுகொள்ளவில்லை என்றும், வெள்ளை முகமூடி போட்டதும் கண்டுகொண்டது என்றும் கவனித்தார். அதோடு விடாமல் டிம்னிட் கெப்ருவுடன் சேர்ந்து, விற்பனையில் இருந்த மூன்று மென்பொருள்களைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று கணிக்கும் வேலையில், வெளிர்நிற ஆண்களுக்கு அதிகபட்சப் பிழை 0.8 சதவீதம், கருநிறப் பெண்களுக்கு 34.7 சதவீதம் வரை. அடையாளம் காண்பது அதிலிருந்து வேறான வேலை, அதைக் கலந்துவிடக் கூடாது. ஆனால் இப்படி ஒருவர் மேடைக்கு வந்தால் அவர் வாங்கிய பட்டங்களை வாசிப்பீர்களா, இந்தச் சோதனையைச் சொல்வீர்களா? பெயர் மட்டும் சொல்லி விட்டால் இது இரண்டுமே கேட்பவரிடம் போய்ச் சேராது.

---

மேடைப் பலகை:

நீலக் கோப்பு, பால்ட்வின் வாழ்க்கை அவர் வாதத்துக்கு வலு சேர்த்தது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதை அவரே தன் பேச்சுக்குள் கொண்டுவந்தார், நெறியாளர் முன்கூட்டி ஊட்டவில்லை. உங்கள் வழியில் போனால் "இந்த விஷயத்தில் நேரடியாக வேலை செய்தவர்" யார் என்பதை ஏற்பாட்டாளர் தீர்மானிப்பார். ஒரு ஏற்பாட்டாளருக்கு அவ்வளவு அதிகாரம் எதற்கு?

---

இரவுவானம்:

துறை ஒன்றாக இருந்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம் என்பதற்காக என் பக்கத்திலிருந்து ஒன்று.

1920 ஏப்ரல் 26, வாஷிங்டன். வானியலில் "பெரும் விவாதம்" என்று இன்றும் சொல்லப்படுவது. ஹார்லோ ஷாப்லி, ஹீபர் கர்டிஸ், இரண்டு பேருமே தொழில்முறை வானியலாளர்கள். ஷாப்லி மவுண்ட் வில்சன் ஆய்வகம், கர்டிஸ் லிக் ஆய்வகம். சுருள் நெபுலாக்கள் (வானில் சுருள் வடிவ முகில்போலத் தெரிபவை) நம் பால்வெளிக்குள் இருப்பவையா, இல்லை அவையே தனித்தனி விண்மீன் திரள்களா, பால்வெளி எவ்வளவு பெரியது, அதில் சூரியன் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் பேச்சுப் பொருள்.

அறிமுகத்தில் இருவரையும் "வானியலாளர்" என்று சொல்லி முடித்திருக்கலாம், அது உண்மையும்கூட. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருந்ததைப் பாருங்கள். ஹார்வர்டு வானாய்வகத்தின் தலைமைப் பதவிக்கு ஷாப்லியின் பெயர் அப்போது அடிபட்டுக்கொண்டிருந்தது, அந்தத் தரப்பு ஆட்கள் அவர் எப்படிப் பேசுகிறார் என்று பார்க்க அரங்கிலேயே இருந்தார்கள். அவர் எழுதிவைத்ததை வாசித்தார், பெரும்பகுதி அடிப்படைப் பாடம். கர்டிஸ் மேடைப் பழக்கம் உள்ளவர், படங்களைக் காட்டித் தொழில்நுட்பமாகப் பேசினார். அப்புறம் இன்னொன்று. சுருள் நெபுலாக்கள் சுழல்வது அளக்கும் அளவுக்குத் தெரிகிறது, ஆகவே அவை அருகில்தான் இருக்க வேண்டும் என்று வான் மானன் என்பவர் அளந்து சொல்லியிருந்தார். அவர் ஷாப்லிக்கு மவுண்ட் வில்சனில் சக ஊழியர், நண்பர். ஷாப்லி அந்த அளவீட்டை நம்பினார். அது தவறு என்று பின்னால் தெரிந்தது.

எட்வின் ஹபிள் ஆந்திரமேடா நெபுலாவில் செஃபீட் வகை மாறுவிண்மீன்களைக் கண்டு தூரத்தைக் கணக்கிட்ட பிறகு, 1925 தொடக்கத்தில், தனித் திரள்கள் என்ற கர்டிஸின் கருத்து உறுதியானது. ஆனால் சூரியன் பால்வெளியின் நடுவில் இல்லை என்று சொன்ன ஷாப்லிதான் அந்த விஷயத்தில் சரி, கர்டிஸ் தவறு. ஒருவருக்குத் துறை தெரியும் என்பது அவர் சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் முத்திரை ஆகிவிடாது. எந்தத் தரவு அவர் சொந்தமாக எடுத்தது, எது நண்பரை நம்பி எடுத்தது என்று அரங்கில் யாராவது கேட்டிருந்தால் அந்த விவாதமே வேறு மாதிரி இருந்திருக்கும். அதனால்தான் மேடைக்கு வருகிற யாரிடமும் நான் முதலில் கேட்க நினைப்பது இதைத்தான்: இது நீங்களே அளந்ததா?

---

தூரிகை:

இரவுவானம் எழுதியதைப் படித்ததும் தோன்றியது. 2014 பிப்ரவரியில் பில் நைக்கும் கென் ஹாமுக்கும் நடந்த படைப்புக் கொள்கை (உயிர்களைக் கடவுளே படைத்தார் என்பது, ஹாம் அதை ஆதரித்தார்) விவாதம் நினைவிருக்கிறதா? நை இயந்திரப் பொறியியல் படித்தவர், தொலைக்காட்சியில் அறிவியல் நடத்தியவர். ஹாம் முன்பு பள்ளியில் அறிவியல் ஆசிரியர். பரிணாமத்தை ஆய்வாகச் செய்த உயிரியலாளர் மேடையில் ஒருவர்கூட இல்லை. அந்தத் துறையில் இருந்த ஸ்டீபன் ஜே கூல்ட் போன்றவர்கள் இந்த மாதிரி மேடைகளுக்கே போக மறுத்தவர்கள். அதனால் மேடையில் யார் இல்லை, ஏன் இல்லை என்பதும் அறிமுகத்தில் சேரவேண்டிய விஷயம்தான்.

---

கரும்பலகை:

முன்பு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். மேடைப் பலகை, பின்னணியைச் சொல்லாமல் விட்டால் கேட்பவர்கள் வாதத்தை மட்டும் எடைபோடுவார்கள் என்று நீங்கள் நம்புகிறீர்கள். அப்படி நடப்பதில்லை. பின்னணி தெரியாதபோது குரல், உடை, வயது, உச்சரிப்பு இதையெல்லாம் வைத்து ஒரு பின்னணியை அவர்களே கட்டிக்கொள்வார்கள்.

1951இல் ஹோவ்லண்ட், வைஸ் என்ற இருவர் செய்த ஆய்வு இங்கே உதவும். ஒரே கட்டுரையை வெவ்வேறு ஆட்களுக்கு வெவ்வேறு பெயரில் கொடுத்தார்கள். அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் பற்றிய கட்டுரை ஒரு பிரிவினருக்கு இயற்பியலாளர் ஓப்பன்ஹைமர் பெயரில் போனது, இன்னொரு பிரிவினருக்கு சோவியத் நாளிதழ் பிராவ்தாவின் பெயரில். எழுதப்பட்டது ஒன்றேதான், ஆனால் படித்த உடனே கேட்டபோது நம்பகமானவர் பெயரில் படித்தவர்களே அதிகமாக மனம் மாறியிருந்தார்கள். நான்கு வாரம் கழித்துக் கேட்டால் அந்த வித்தியாசம் காணாமல் போயிருந்தது. சொன்னது யார் என்பது கழன்றுவிட்டது, சொன்ன கருத்து மட்டும் தலையில் தங்கிவிட்டது. 1953இல் கெல்மனும் ஹோவ்லண்டும் செய்த தொடர் ஆய்வில், சொன்னது யார் என்று மறுபடி நினைவூட்டியதும் அந்த வித்தியாசம் திரும்பி வந்தது.

இதிலிருந்து கடைசி வரிசைக்கு நான் எடுத்துச் சொல்ல விரும்புவது: தொடக்கத்தில் ஒருமுறை வாசித்துவிட்டு மறந்துபோகும் அறிமுகத்தால் பெரிய பயன் இல்லை. பொறியாளர் துல்லியத்தைப் பற்றிப் பேசும் அந்த இடத்திலேயே நெறியாளர் "இது உங்கள் நிறுவனத்தின் சொந்தச் சோதனையா, வெளியார் செய்ததா?" என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதேபோல் காவல் அதிகாரி குற்றங்கள் குறைந்தன என்று சொல்லும்போது, அந்தக் கேமராக்கள் அவர் பொறுப்பில் இருந்த இடத்தில் வைக்கப்பட்டவையா என்று கேட்க வேண்டும்.

---

வாய்தா:

நான் வழக்கறிஞர், அதனால் இரண்டு விஷயம்.

முதலில் என் தொழிலைப் பற்றியே. மேடையில் வழக்கறிஞர் ஒருவர் பேசினால், அவர் சொல்வதை அவரே நம்புகிறாரா என்று அறிமுகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது. எங்கள் பிழைப்பே எந்தப் பக்கத்துக்காகவும் முழு மனதோடு வாதாடுவது. 1858இல் அமெரிக்க அரசியல்வாதிகள் லிங்கனும் டக்ளஸும் ஏழு இடங்களில், ஒவ்வொரு இடத்திலும் மூன்று மணி நேரம் விவாதித்தார்கள், முதலில் பேசுபவருக்கு 60 நிமிடம், பதிலுக்கு 90, மறுபடி முதலில் பேசியவருக்கு 30. இரண்டு பேருமே வழக்கறிஞர்கள், டக்ளஸ் அதற்கு முன் இல்லினாய் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் இருந்தவர். லிங்கன் பள்ளிக்குப் போன நாட்களை எல்லாம் சேர்த்தால் ஒரு வருடம் தேறாது. சட்டத்தைத் தானாகவே படித்தவர். அவர்கள் பேச்சு இன்றும் படிக்கக் கிடைக்கிறது என்றால் அவ்வளவு நேரம் ஒருவரை ஒருவர் குடைந்து எடுக்க இடம் இருந்ததும் ஒரு காரணம். இன்றைய மேடையில் ஆளுக்கு ஏழெட்டு நிமிடம் கொடுத்தால் எங்கள் தொழில் ஆட்களுக்கு அது பெரிய சலுகை. குறுக்கே கேட்க ஆள் இல்லாத ஏழு நிமிடத்தில் ஒரு நல்ல வழக்கறிஞர் எதையும் நியாயம் போலக் காட்டிவிடுவார். அதனால் எதிர்ப்பு அணி வழக்கறிஞர் கண்காணிப்பு தொடர்பான வழக்குகளில் ஆஜராகியிருக்கிறாரா, எந்தத் தரப்புக்கு என்று கேட்டு வாங்குங்கள். சிவில் சொத்து வழக்குகள் மட்டும் நடத்துபவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள், அது அவமானம் இல்லை.

இரண்டாவது, நிபுணர் சாட்சி. பல நாட்டு நீதிமன்றங்களில் ஒருவரை நிபுணர் என்று அழைத்துவந்தால், அவர் கருத்துக்கு மதிப்புக் கொடுக்கும் முன் அவர் தகுதியைத் தோண்டுவோம். என்ன படித்தீர்கள் என்பதோடு நிற்காது. இந்த மாதிரிப் பரிசோதனை உங்கள் கையால் செய்ததுண்டா, யார் உங்களுக்குக் கட்டணம் கொடுக்கிறார்கள், இதற்கு முன் எத்தனை முறை இதே தரப்புக்காக வந்தீர்கள் என்று எல்லாம் எதிர்த்தரப்பு கேட்கும். மருத்துவர் என்பதாலேயே ஒருவர் துப்பாக்கிக் குண்டைப் பற்றிச் சொல்லிவிட முடியாது. மேடைப் பலகை, உங்கள் "ஏற்பாட்டாளருக்கு எதற்கு அதிகாரம்" என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். தீர்ப்பு ஏற்பாட்டாளர் சொல்ல வேண்டாம். நான்கு பேருக்கும் ஒரே கேள்விகளை அனுப்பட்டும், வந்த பதிலை வாசிக்கட்டும். கேள்வி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் பாரபட்சம் என்று யாரும் சொல்ல முடியாது.

---

தாழ்வாரம்:

யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த இழை முழுக்க "சரியான பின்னணி தெரிந்தால் சரியான முடிவு வரும்" என்ற நம்பிக்கையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

2007 மார்ச் 14, நியூயார்க், இன்டெலிஜென்ஸ் ஸ்குவேர்ட் என்ற விவாதத் தொடரில் ஒரு விவாதம். "புவி வெப்பமாதல் ஒரு நெருக்கடி அல்ல" என்பது தீர்மானம். எதிர்த்தவர்கள் மூன்று பேர்: நாசாவில் காலநிலை மாதிரிகளை உருவாக்கும் கேவின் ஷ்மிட், ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் ரிச்சர்ட் சாமர்வில், அக்கறையுள்ள விஞ்ஞானிகள் சங்கத்தின் பிரெண்டா எக்வர்செல். மூவரும் இதே வேலையில் இருந்தவர்கள். ஆதரித்தவர்களில் ரிச்சர்ட் லின்ட்சன் எம்ஐடியின் வளிமண்டல இயற்பியல் பேராசிரியர், அவர் துறைக்குள் இருந்தவர்தான். பிலிப் ஸ்டாட் உயிர்ப்புவியியல் பேராசிரியர். மூன்றாமவர் மைக்கேல் கிரைட்டன், ஹார்வர்டில் மருத்துவம் படித்துவிட்டு மருத்துவராகத் தொழில் செய்யாமல் நாவல் எழுதப் போனவர்.

விவாதத்துக்கு முன் வாக்கெடுப்பு: தீர்மானத்துக்கு ஆதரவு 30 சதவீதம், எதிர்ப்பு 57. விவாதம் முடிந்தபின்: ஆதரவு 46, எதிர்ப்பு 42. இவ்வளவுக்கும் யார் என்ன வேலை பார்க்கிறார் என்பதை யாரும் மறைக்கவில்லை, அரங்கில் எல்லோருக்கும் தெரியும்.

ஏன் இப்படி ஆனது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன், என் முடிவு இது. ஆய்வு செய்பவருக்கு அவர் வேலை ஒரு பழக்கத்தைக் கொடுக்கிறது: எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துச் சொல்வது, சக ஆய்வாளர்களிடம் பேசுவதுபோலப் பேசுவது. கதை எழுதுபவருக்கு அவர் வேலை வேறு ஒரு பழக்கத்தைக் கொடுக்கிறது: எந்த இடத்தில் நிறுத்தினால் அரங்கம் தன் பக்கம் சாயும் என்று அவருக்குத் தெரியும். தொழில் பின்னணி என்பது விஷய அறிவு மட்டும் இல்லை, எதிரில் இருப்பவரிடம் எப்படிப் பேசுவது என்ற பயிற்சியும் அதற்குள் இருக்கிறது. இந்த இரண்டாவதைத்தான் யாரும் அறிமுகத்தில் சொல்வதில்லை, ஆனால் வாக்கை மாற்றுவது பெரும்பாலும் அதுதான். கடைசி வரிசை, உங்கள் சமூகவியல் பேராசிரியர் தினமும் வகுப்பில் பேசுபவர். பொறியாளர்? அவர் மேடை ஏறுவது முதல் முறையாக இருந்தால், கேமராவைப் பற்றி உண்மையில் அதிகம் தெரிந்த ஆள் அன்றைக்குப் பலவீனமானவராகத் தெரிவார். முன்கூட்டியே நால்வரையும் ஒருமுறை கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள், பழக்கமில்லாதவருக்கு அது பெரிய உதவி.

---

கரும்பலகை:

தாழ்வாரம் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். முன்னும் பின்னும் வாக்கெடுத்து எவ்வளவு மாறியது என்று வெற்றியாளரை அறிவிக்கும் முறையில், தொடக்கத்திலேயே பெரும்பான்மை பெற்ற அணிக்கு ஏற இடம் குறைவு, இறங்க இடம் அதிகம். இங்கே 57இலிருந்து 42க்கு இறங்கியது அதனால் மட்டும் அல்ல, ஆனாலும் எண்களைப் படிக்கும்போது அதையும் மனதில் வையுங்கள்.

---

இரவுவானம்:

இதையொட்டி இன்னொரு பழைய கதை, ஏனென்றால் காலப்போக்கில் பின்னணி எப்படித் தட்டையாகிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. 1860 ஜூன் 30, ஆக்ஸ்ஃபோர்டு, டார்வின் கொள்கை பற்றிய வாக்குவாதம். எல்லோரும் சொல்லும் விதம்: ஒரு பக்கம் அறியாமையில் இருந்த ஆயர், இன்னொரு பக்கம் விஞ்ஞானி தாமஸ் ஹக்ஸ்லி. ஆயர் சாமுவேல் வில்பர்ஃபோர்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதத்தில் முதல் வகுப்பு வாங்கியவர், ராயல் சொசைட்டி உறுப்பினர். டார்வின் நூலுக்கு அவர் எழுதிய மதிப்புரையைப் படித்த டார்வினே அதைச் சாமர்த்தியமானது என்று கடிதத்தில் ஒப்புக்கொண்டார். ஹக்ஸ்லி தொழிலைத் தொடங்கியது கடற்படைக் கப்பலில் உதவி அறுவை மருத்துவராக. அரங்கில் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரும் எழுந்து பேசினார், அன்றைக்கு எடுபட்டது அவர் பேச்சுத்தான் என்று சொல்பவர்களும் உண்டு. சொல்லுக்குச் சொல் பதிவு எதுவும் இல்லை, இன்று எல்லோரும் மேற்கோள் காட்டும் சூடான வரிகள் பின்னால் நினைவிலிருந்து எழுதப்பட்டவை.

வில்பர்ஃபோர்ஸ் அந்த விவாதத்தில் தவறான பக்கம் நின்றார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் "ஆயர்" என்ற ஒரே சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு அவர் ஏன் தவறினார் என்று புரிந்துகொள்ள முடியாது. உங்கள் "ஓய்வுபெற்ற காவல் அதிகாரி"யை அரங்கம் இதேபோல ஒரே சொல்லில் முடித்துவிடும். அவர் பணியில் இருந்தது சைபர் குற்றப் பிரிவா, போக்குவரத்தா, காணாமல் போன குழந்தைகளைத் தேடும் பிரிவா? மூன்றும் இந்தத் தீர்மானத்துக்கு மூன்று விதமான பின்னணி.

---

நீலக் கோப்பு:

சரி, நிறுவனத்துப் பெயர் விஷயத்துக்கு வருவோம், கடைசி வரிசை கேட்டதே அதுதான்.

2023 ஜூன் மாதம் டொரொன்டோவில் மங்க் விவாதங்கள் என்ற தொடரில் ஒரு விவாதம் நடந்தது, செயற்கை நுண்ணறிவு ஆய்வு மனித இருப்புக்கே அச்சுறுத்தலா என்று. ஆதரவு அணியில் யோஷுவா பெஞ்சியோ, மேக்ஸ் டெக்மார்க். எதிர்ப்பு அணியில் யான் லெகுன், மெலனி மிட்செல். பெஞ்சியோவும் லெகுனும் ஜெஃப்ரி ஹின்டனுடன் சேர்ந்து கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருதை 2018ஆம் ஆண்டுக்காகப் பகிர்ந்தவர்கள், ஒரே வேலைக்காக. அப்படியிருந்தும் எதிரெதிர் பக்கம். "டூரிங் விருதாளர்" என்று வாசித்தால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும், கேட்பவருக்கு எதுவும் கிடைக்காது. லெகுன் அப்போது மெட்டா நிறுவனத்தின் தலைமை செயற்கை நுண்ணறிவு விஞ்ஞானி, அந்தத் தொழில்நுட்பத்தை உருவாக்கி வெளியிடும் நிறுவனம் அது. டெக்மார்க் எம்ஐடி இயற்பியலாளர், கூடவே ஃபியூச்சர் ஆஃப் லைஃப் இன்ஸ்டிடியூட்டை நிறுவியவர்களில் ஒருவர், அதே ஆண்டு மார்ச்சில் பெரிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகளின் பயிற்சியை ஆறு மாதம் நிறுத்தச் சொல்லிக் கடிதம் வெளியிட்டதும் அந்த அமைப்புத்தான். பாருங்கள், இரண்டு பக்கமும் ஏதோ ஒன்றில் கால் ஊன்றித்தான் நிற்கிறார்கள். நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவரை மட்டும் சந்தேகிப்பது நியாயம் இல்லை, ஒரு கொள்கைக்காக அமைப்பு நடத்துபவருக்கும் தன் நிலையை மாற்றிக்கொள்வது எளிதல்ல. ஆகவே பொறியாளரிடம் நிறுவனத்துப் பெயரைக் கேட்டால் வழக்கறிஞரிடம் அவர் சார்ந்த அமைப்பின் பெயரையும் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் பொறியாளர் தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள் என்று நினைக்க மாட்டார்.

---

மேடைப் பலகை:

எல்லோருக்கும் ஒரே கேள்வி, பதில் அவரவர் வார்த்தையில், அளவும் ஒன்று. இதற்கு நான் உடன்படுகிறேன். ஆனால் விருதுகளும் பதவிப் பெயர்களும் அழைப்பிதழில் இருக்கட்டும், மேடையில் வேண்டாம். ஒருவருக்கு முப்பது விநாடி, இன்னொருவருக்கு மூன்று நிமிடம் அறிமுகம் வாசிப்பதை நான் பலமுறை பார்த்துவிட்டேன், முப்பது விநாடிக்காரர் எழுந்து வரும்போதே பாதி தோற்றுவிட்டிருப்பார்.

---

கடைசி வரிசை:

எல்லோருக்கும் நன்றி. குழுவில் பேசி நான்கு கேள்விகளை முடிவு செய்து அனுப்பிவிட்டோம். இப்போது என்ன வேலை செய்கிறீர்கள், யாரிடம்? இந்தத் தீர்மானத்தின் விஷயத்தில் நேரடியாக என்ன செய்திருக்கிறீர்கள்? உங்கள் முடிவால் லாபமோ நட்டமோ அடையக்கூடிய நிறுவனம், அமைப்பு எதிலாவது உங்களுக்குப் பங்கு இருக்கிறதா? இன்று நீங்கள் சொல்லப்போவதில் எது உங்கள் சொந்த வேலையிலிருந்து வருவது, எது மற்றவர் ஆய்விலிருந்து வருவது? எல்லாம் சேர்ந்து அறுபது சொல்லுக்குள்.

மூன்று பதில்கள் வந்துவிட்டன. காவல் அதிகாரி பணியின் கடைசி ஆண்டுகளில் காணாமல் போனவர்களைத் தேடும் பிரிவில் இருந்திருக்கிறார், அவருடைய முதல் குறிப்பில் இது இல்லவே இல்லை, பதக்கங்கள் மட்டும்தான் இருந்தன. பேராசிரியர் கண்காணிப்பு பற்றித் தான் கள ஆய்வு எதுவும் செய்யவில்லை என்றும், மற்றவர்களின் ஆய்வைத் தொகுத்துப் பேசப்போவதாகவும் நேர்மையாக எழுதியிருக்கிறார். அதைப் படித்தபின் அவர் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. பொறியாளர் முதலில் தயங்கினார், எல்லோருக்கும் இதே கேள்விதான் என்று காட்டியபின் நிறுவனத்துப் பெயரைச் சொல்லச் சம்மதித்தார். ஒரு நிபந்தனை வைத்தார்: நிறுவனத்தின் சார்பாக அல்ல, தன் சொந்தக் கருத்தைப் பேசுகிறேன் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அதைச் சேர்த்துவிட்டோம். வழக்கறிஞர் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

---

வாய்தா:

நல்லது. வழக்கறிஞர் கட்சிக்காரர் ரகசியம் என்று சொல்லித் தாமதிக்கலாம். நீதிமன்றத்தில் வெளிப்படையாக ஆஜரான வழக்குகளைச் சொல்வதில் பொதுவாக ரகசியம் எதுவும் இல்லை, அதை மட்டும் கேளுங்கள்.

---

தூரிகை:

ஒன்று விட்டுப்போனது. நெறியாளர் யார்? அவருக்கும் இதே நான்கு கேள்விகள் போக வேண்டும். யாரிடம் எந்தக் கேள்வியை எப்போது கேட்பது என்று முடிவு செய்வது அவர்தான்.

---

கடைசி வரிசை:

பத்திரிகையாளர் ஒருவர். கேமரா ஒப்பந்தங்களைப் பற்றிச் சில செய்திக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார், விமர்சனமாகவே. இன்றே அவருக்கும் அனுப்புகிறேன், அவர் பதிலை முதலில் வாசிப்போம், அப்புறம் நால்வருடையது.